மாணவன் காத்திருந்த பட்டணம்

கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கும், பச்சையப்பன் கல்லூரி 1940-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டுக்கும் குடிபெயர்வதற்கு முன்னர், சென்னை நகரத்தின் உயர்தரக் கல்வியிற் பெரும்பகுதி, கடற்கரையை ஒட்டி மூன்று மைல் நீளத்துக்குள் அடங்கிவிட்ட ஒரு குறுகிய நிலப்பரப்பிலேயே நடந்துவந்தது. தெற்கே சேப்பாக்கத்தில் ராஜதானிக் கல்லூரியும் சர்வகலாசாலையின் செனட் மண்டபமும் இருந்தன. வடக்கே எஸ்பிளனேடில், பழைய ஏதென்ஸ் நகரத்துக் கோயிலொன்றின் சாயலில் எழுப்பி 1850-இல் திறந்துவைத்த பச்சையப்பன் மண்டபமும், அதற்குச் சிறிது தொலைவில் கிறிஸ்தவக் கல்லூரியும், உயர்நீதிமன்றத்தின் அருகே சட்டக் கல்லூரியும் இருந்தன. இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே கோட்டையும் கூவமும் தீவுத்திடலும் கிடக்க, மேற்கே திருவல்லிக்கேணியின் சந்துகளில், கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கோதாவரிக் கரையிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள், அறைக்கு மூவர் நால்வராகக் குடியிருந்து, மெஸ்ஸில் உண்டு, விளக்கொளியில் படித்துப் பரீட்சைக்குப் போனார்கள்.

ஒரு மாணவனுக்கு வேண்டிய யாவும் இந்த மூன்று மைலுக்குள்ளும் அதன் ஓரங்களிலும் கிடைத்தன. காகிதம் ஆண்டர்சன் தெருவில், புதுப் புத்தகம் மவுண்ட் ரோடில், பழைய புத்தகம் மூர் மார்க்கெட்டில், நூல்நிலையம் எழும்பூரில், ஊரிலிருந்து வரும் பணம் பேட்டைத் தபாலாபீஸில், கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய பெரிய உத்தியோகஸ்தரோ, எங்கே இருப்பார் என்று அவருடைய சேவகனுக்கு மட்டுமே தெரிந்த இடத்தில். இவ்வளவு அருகருகே எல்லாம் அமைந்திருந்தும், விடிந்ததும் நான்கு காரியங்களை மனத்தில் குறித்துக்கொண்டு புறப்பட்ட மாணவன், பொழுது சாயும்போது இரண்டை முடித்துத் திரும்பினால் அது நல்ல நாள் என்றே எண்ணப்பட்டது. அந்த நாட்களின் சிறு சிறு தாமதங்களைப் பற்றி நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நகரத்தின் ஒவ்வொரு ஸ்தாபனமும் தனக்கென ஒரு கால அளவை வைத்துக்கொண்டிருந்தது, மாணவனுடைய பொழுதுக்கும் விலையுண்டு என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது ஏறியது மிகவும் பிற்காலத்தில், எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து. அந்த இடத்துக்குப் போய்ச் சேருமுன், மாணவன் நின்ற வாசல்கள் சிலவற்றில் நாமும் நின்று பார்க்கவேண்டும்.

முதல் வாசல் தபாலாபீஸ். மணியார்டர் என்ற ஏற்பாடு தபால் இலாகாவின் கைக்கு வந்தது 1880-ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் அரசாங்கக் கஜானாக்களின் வழியாகப் பணம் அனுப்பும் ஒரு முறை இருந்ததாயினும், தாலுகாக் கச்சேரி உள்ள ஊர்வரை நடந்துபோகக்கூடிய மிராசுதாரருக்கே அது பயன்பட்டது. மற்றவர்கள் பட்டணத்துக்குப் போகிற உறவினரின் மடியிலோ, வியாபாரியின் உண்டியலிலோ நம்பிக்கை வைத்தார்கள். மணியார்டர் வந்ததும், கிராமத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயரோ சிறு நிலக்காரரோகூட, தபாலாபீஸ் உள்ள ஊர்வரை போய் ஒரு படிவத்தை எழுதிக்கொடுத்துவிட்டால், மகன் தங்கியிருக்கும் அறைவாசலிலேயே பணம் எண்ணிவைக்கப்படும் என்ற அற்புதம் நிகழ்ந்தது. சென்னை ராஜதானியில் ஆங்கிலக் கல்வி பணக்காரர் வீட்டைத் தாண்டிப் பரவியதற்குக் கல்லூரிகளையும் உபகாரச் சம்பளங்களையும் காரணமாகச் சொல்லுவார்கள். தபாற்காரனுடைய தோற்பையையும் அவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் துணிபு.

அந்தப் படிவத்தின் அடியில் கூப்பன் என்று ஒரு துண்டு இருந்தது. பணத்தோடு செய்தியும் எழுதுவதற்கு விட்ட இடம் அது. தனிக் கடிதத்துக்குத் தபால் முத்திரை வாங்கும் காசு மிச்சம் என்பதால், தகப்பனார்கள் அந்த இரண்டு விரற்கடை அகலத்துக்குள், மழை பெய்ததா, பசு கன்று போட்டதா, தங்கைக்கு வரன் வந்ததா என்பவற்றையெல்லாம் எறும்பெழுத்தில் எழுதி, முடிவில் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடும்படி புத்தியும் சொல்லிவிடுவார்கள். மாணவர்கள் பணத்தைச் செலவழித்த பிறகும் கூப்பனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள்.

ஆயினும், பணம் அறைவாசலுக்கு வருவதென்றால் வாங்குகிறவன் அறையில் இருக்கவேண்டும். தபாற்காரர் வரும் வேளையும் கல்லூரி நடக்கும் வேளையும் ஒன்றே. ஆகவே, வந்து பார்த்துச் சீட்டுப் போட்டுவிட்டுப் போன தபாற்காரரைத் தேடிக்கொண்டு மாணவன் ஆபீஸுக்குப் போவான். அங்கே, இன்னார் இன்னாரே என்பதற்குத் தபால் அதிகாரிக்குத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்லவேண்டும் என்பார்கள். ஊருக்குப் புதியவனான அவனுக்குத் தெரிந்த மனிதர் மெஸ் நடத்தும் ஐயர் ஒருவர்தாம். அவரோ அடுப்படியை விட்டு வரக்கூடிய வேளை மூன்று மணிக்குமேல்தான். மூன்று மணிக்குமேல் போனால் பணம் கொடுக்கும் ஜன்னல் மூடியிருக்கும். பிறர் பணத்தைக் காக்கவேண்டும் என்ற நியாயமான கவலையிலிருந்து பிறந்த விதிதான் அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் பகல் வகுப்பொன்று அந்த நியாயத்துக்குக் காணிக்கையாகப் போய்விடும். பணம் வருவதற்கு முன்பே மெஸ்ஸில் கடன் ஏறியிருக்கும். அந்தக் கடனைத் தாங்கி நின்று, சாட்சிக்கும் வந்து நின்ற அந்த மெஸ்காரர்களின் பெயரைப் பட்டதாரிகள் பலர் தம் வாழ்நாள் முழுதும் நன்றியோடு சொல்லிவந்தார்கள்.

வேளை தவறியதென்றால், எந்தக் கடிகாரத்தின்படி என்ற கேள்வியும் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாராய்ச்சி நிலையம் கணித்த சென்னை நேரமே, தந்தியின் வழியாக நாடெங்கும் சென்று, இந்தியாவின் ரயில்வேக்களுக்கெல்லாம் பொது நேரமாக விளங்கிற்று. பம்பாய்க்காரர் தம் ஊர் நேரம் ஒன்றும் ரயில் நேரம் ஒன்றுமாக இரட்டைக் கணக்கில் தடுமாறியபோது, சென்னைக்காரருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கோட்டையில் இரவு எட்டு மணிக்குப் பீரங்கி வெடித்தால் வீடுதோறும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். பிறகு 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்று அரசாங்கம் விதித்தபோது, சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிஷம் முன்னே தள்ளப்பட்டன. பத்து மணி வகுப்புக்கு நடந்தே வந்துகொண்டிருந்தவனுக்கு அந்த ஒன்பது நிமிஷம் சாமானியமல்ல. சூரியன் எழும் வேளை மாறவில்லை, மெஸ்ஸில் அடுப்பு மூட்டும் வேளை மாறவில்லை, கல்லூரி மணி மட்டும் முந்திக்கொண்டது.

இவற்றோடு பஞ்சாங்கமும் ஒரு கடிகாரம். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரையும், சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரையும் இராகுகாலம். பரீட்சைக்குப் பணம் கட்டுவதும், விண்ணப்பம் கொடுப்பதும், புதுப் புத்தகம் வாங்குவதும் சுபகாரியங்கள். அவற்றை இராகுகாலத்தில் தொடங்கலாகாது என்று தாயார் சொல்லியனுப்பியிருப்பாள். ஆபீஸ் திறப்பதோ பத்து மணிக்கு. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் தாழ்வாரங்களில், சலானைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கட்டும் என்று நிற்கும் இளைஞர்கள் இருந்தார்கள். உள்ளே இருந்த குமாஸ்தாவும் அதே நம்பிக்கை உடையவராதலால் அவர்களை விரட்டுவதில்லை. பகுத்தறிவு பேசுவோர் இதைப் பேதைமை என்பர். தாய் சொல்லைத் தட்டாத ஒரு பிள்ளை தன்னுடைய பொழுதைத் தானே விரும்பிக் கொடுத்த தாமதம் இது என்பதனால், மற்றத் தாமதங்களோடு இதைச் சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது போக்குவரவு. சென்னையில் மின்சார டிராம் 1895-ஆம் ஆண்டு மே மாதம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுவே. முதலில் தண்டவாளத்துக்கடியில் அமைத்த பள்ளத்தினூடே மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு மேலே கம்பி கட்டினார்கள். திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் பாரி முனையோடும் இராயபுரத்தோடும் புரசைவாக்கத்தோடும் பிணைத்த அந்த வண்டி, ஜட்காவுக்குக் கொடுக்க வகையற்ற மாணவனுக்கு ஒரு வரப்பிரசாதம். ஆயினும் நிதானமே அதன் தர்மம். முன்னே ஒரு மாட்டுவண்டி தண்டவாளத்தின்மேல் ஏறி நின்றுவிட்டால், டிரைவர் காலால் மணியை அடித்துக்கொண்டேயிருப்பார். மாடு தன் மனம்போல் விலகும். மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கினால் வண்டி நின்றுவிடும். வேலைநிறுத்தம் வந்தால் தண்டவாளம் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கும். நடந்தாலும் ஏறக்குறைய அதே நேரந்தான் ஆகும் என்று தெரிந்தும், தன்னை முந்திக்கொண்டு வண்டி போய்விடுமோ என்ற ஏக்கத்தினால் நிறுத்தத்திலேயே நின்ற மாணவர்கள் எண்ணற்றவர்கள். டிராமில் ஏறியவன் பாடம் படித்தான் என்பதும் உண்மை. சில்லறைக் காசுக்கு அரைமணி நேரம் மரப்பலகையிலே காற்றாட உட்கார்ந்து படிக்க வேறு எந்த இடம் அவனுக்கு இருந்தது?

எஸ்பிளனேடில் இறங்கினால் வியாபார நகரம் தொடங்கிவிடும். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, கோடவுன் தெரு, பந்தர் தெரு என்று ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும் வீதிகளில், காகிதத்துக்குப் பெயர்போனது ஆண்டர்சன் தெரு. ரீம் கணக்கில் விற்கும் மொத்த வியாபாரியிடம், இரண்டு தஸ்தா வேண்டுமென்று வந்து நிற்கும் மாணவனுக்கு முறை கடைசியில்தான் வரும். மூட்டை தூக்குவோரும் கைவண்டிக்காரரும் அவனை இடித்துக்கொண்டு போவார்கள். காகிதத்தின் விலை ஏழை மாணவனுக்கு எத்தகைய பாரம் என்பதை அறிய, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து, பச்சையப்பனில் எப். ஏ. பரீட்சைக்குப் படித்துத் தேறாமற்போன ஸ்ரீநிவாஸ ராமானுஜனுடைய சரித்திரம் ஒன்றே போதும். கணக்கைப் பலகையில் எழுதி, முழங்கையால் துடைத்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றிய பழக்கம் அவருக்கு வந்தது காகிதத்துக்குக் காசில்லாததனால். உலகம் பல்லாண்டுகள் அந்த முடிவுகளுக்கு வழிகளைத் தேடிக்கொண்டிருந்தது.

ராமானுஜனை இங்கே குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. காத்திருப்பதென்பது இந்த நகரத்தில் ஒருவனுடைய விதியையே எப்படித் தாங்கி நின்றது என்பதற்கு அவரைப்போல் சாட்சி வேறொருவர் இல்லை. நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் போனார். பிறகு நெல்லூரில் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவிடம் போனார். ராவ் முதற் சந்திப்பில் ஒன்றும் முடிவு செய்யவில்லை. பலமுறை வந்துபோன பின்னரே, வந்திருப்பவன் சாமானியன் அல்லன் என்று தெளிந்தார். என்ன வேண்டும் என்று கேட்டபோது அந்த இளைஞர் உத்தியோகம் கேட்கவில்லை, கௌரவம் கேட்கவில்லை. எளிய உணவுக்கு வழி இருந்தால் போதும், கணிதத்தில் ஆழ்ந்திருக்க அவகாசம் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோளாக இருந்தது என்று ராவ் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அவகாசத்தைத் தவிர வேறு எதையும் கேட்காத ஒருவனுக்கு, சில காலம் அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். அதன்பின் 1912 மார்ச்சில் துறைமுகக் காரியாலயத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை; 1913 மே மாதம் முதல் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் மாதம் 75 ரூபாய். தன் பொழுது தனக்கே உரிமையாவதற்கு அந்த மேதை நின்ற தாழ்வாரங்களின் நீளத்தை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ராமானுஜன் அல்லாத ஏனைய ஆயிரக்கணக்கானோருக்கும் தாழ்வாரம் பழக்கமான இடந்தான். சான்றிதழின் நகலில் கெஜட்டில் பெயர் வந்த உத்தியோகஸ்தர் ஒருவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தாலன்றி விண்ணப்பம் செல்லாது என்பது விதி. டைப் அடிக்கும் வசதி பரவாத நாளில் நகலையும் கையாலேயே எழுதவேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திரும்ப எழுதவேண்டும். துரை குளித்துக்கொண்டிருக்கிறார், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கச்சேரிக்குப் போய்விட்டார் என்று சேவகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு நிற்பான் பிள்ளை. கையெழுத்துப் போட ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துக்கு அரை நாள். எனினும் நல்ல மனம் படைத்த அதிகாரிகளும் இருந்தார்கள். தாமும் அப்படி நின்றவர்களே என்பதை மறவாமல், காலையில் திண்ணையிலேயே பேனாவோடு உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக்கொடுத்துவிட்டு எழுந்தவர்கள் உண்டு.

இனிப் புத்தகம். 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், 1904-இல் மவுண்ட் ரோடில் இன்றுள்ள வெள்ளை மாளிகைக்கு வந்தது. பாடப்புத்தகங்கள் சீமையில் அச்சாகிக் கப்பலேறி வரவேண்டியவை; பாடத்திட்டம் அறிவித்தபின் கடைக்காரர் எழுதி, அங்கிருந்து பெட்டி புறப்பட்டு, துறைமுகத்தில் இறங்கிச் சுங்கம் தாண்டிக் கடைக்கு வருவதற்குள் பருவத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். ஆகவே கடையில் கேட்டால் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்ற பதில் கிடைக்கும். வந்த பின்னரும் அதன் விலை பலருடைய மாதச் சாப்பாட்டுச் செலவுக்குச் சமமாயிருக்கும். அலமாரியின் கண்ணாடிக்கு இப்பால் நின்று பெயரைப் படித்துவிட்டுத் திரும்பியவர்களே அதிகம்.

அவர்களுக்காகவே அமைந்தது போல இருந்தது மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பழைய சந்தைக்குப் பதிலாக, மத்திய ரயில் நிலையத்தின் பக்கத்தில், நகரசபைத் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்ட, 1900-ஆம் ஆண்டில் திறந்த அந்தச் செங்கல் மண்டபம், நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் வளைவுகளோடு எழுந்து நின்றது. காய்கறியும் மாமிசமும் பறவைகளும் விற்கும் இடமாகத் தொடங்கினாலும், அதனைச் சென்னையின் நினைவில் நிலைக்கவைத்தது பழைய புத்தகக் கடைகள்தாம். சீமைக்குத் திரும்பும் துரையின் அலமாரியும், காலமான வக்கீலின் அலமாரியும், தேறிவிட்ட மாணவனின் பெட்டியும் கடைசியில் அங்கேதான் வந்து கொட்டின. ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு உரை வாங்கப்போன பையன், பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும், அட்டை கிழிந்த ஒரு வானசாஸ்திரப் புத்தகத்தையும், யாரோ ஒரு முந்தின தலைமுறை மாணவன் ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதிய தர்க்க நூலையும் ஒருங்கே கண்டு மயங்கி நிற்பான்.

அங்கே தாமதம் வேறு விதமானது. கடைக்காரர் ஒரு விலை சொல்லுவார். பையன் அதில் பாதி சொல்லுவான். அவர் புத்தகத்தைத் திரும்ப அடுக்குவார். இவன் நடப்பதுபோல் நடப்பான். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வேறேதோ தேடுவதுபோல் அதே கடை முன் நிற்பான். பல கடைக்காரர்களுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆயினும் எந்த வகுப்புக்கு எந்த ஆண்டு எந்தப் புத்தகம் பாடம் என்பதும், பதிப்பு மாறியதா இல்லையா என்பதும் அட்டையின் நிறத்தைக்கொண்டே அவர்களுக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாக்களித்து, வாங்கின விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறவர்களும் இருந்தார்கள். ஒரே பிரதி நாலைந்து மாணவர் கைமாறித் தேய்ந்துபோகும். இப்படி ஒரு மாலைப்பொழுது முழுதும் கரைந்தாலும், அதை இழந்த பொழுதென்று ஒருவரும் சொன்னதில்லை. மற்ற இடங்களில் மாணவனைப் பிறர் நிறுத்திவைத்தார்கள். இங்கே அவன் தானே நின்றான். 1985-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அந்த மண்டபம் தீக்கிரையானது. கடைகள் அருகில் அல்லிக்குளத்துக்குப் போயின. பழைய இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. ஒரு நகரம் தன் ஏழை மாணவர்களுக்குத் தெரியாமலே கட்டிக்கொடுத்திருந்த கல்விச்சாலையொன்று ஒரே இரவில் அழிந்ததென்று நான் அதை எண்ணுகிறேன். ஆண்டுகள் பல சென்றும் அந்தத் துயரம் ஆறவில்லை.

வாங்க முடியாதவன் போகவேண்டிய இடம் நூல்நிலையம். கன்னிமரா பிரபு 1890-இல் அடிக்கல் நாட்ட, 1896 டிசம்பரில் எழும்பூரில் திறக்கப்பட்ட பொது நூல்நிலையத்தில், தேக்குமரக் கைவேலையும் வண்ணக் கண்ணாடியும் உயர்ந்த விதானமும் அமைந்த அந்த மண்டபத்துக்குள் நுழைந்த கிராமத்துப் பிள்ளைக்குக் கோயிலுக்குள் நுழைந்தது போலவே தோன்றியிருக்கும். சர்வகலாசாலையின் புத்தகங்களும் நெடுங்காலம் அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்தன. அந்நாளைய நூல்நிலைய முறை இது: புத்தக அலமாரிகள் வாசகனுக்கு அப்பாற்பட்டவை, அச்சிட்ட பட்டியலைப் புரட்டி, பெயரும் எண்ணும் கண்டு, சீட்டில் எழுதிச் சேவகனிடம் கொடுத்துவிட்டு உட்காரவேண்டும். சீட்டு உள்ளே போகும். நெடுநேரம் கழித்து, புத்தகமாகவோ இல்லை என்ற சொல்லாகவோ திரும்பி வரும். இல்லை என்றால் மறுபடி பட்டியல், மறுபடி சீட்டு, மறுபடி காத்திருப்பு. திருவல்லிக்கேணியிலிருந்து வெயிலில் நடந்து வந்தவன் மூன்று சீட்டுக் கொடுத்து ஒரு புத்தகத்தைப் பெற்று, அதைத் திறக்கும்போது மூடும் மணி அடிக்கும். புத்தகத்தைப் பாதுகாப்பதே நூல்நிலையத்தின் கடமை என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. படிக்கிறவன் அந்தப் பாதுகாப்புக்கு நேர்ந்த இடையூறாகவே கருதப்பட்டான்.

1924 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலை தன் முதல் நூலகராக, ராஜதானிக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனை நியமித்தது. வகுப்பறையின் கலகலப்பில் வாழ்ந்தவருக்குப் புத்தகங்களின் நடுவே தனித்திருப்பது சில நாட்களிலேயே சகிக்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். சீமைக்குப் போய் நூல்நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்து அதன்பின் முடிவு செய்யலாம் என்ற ஏற்பாட்டின்மேல் லண்டனுக்குப் போனார். அங்கே அவர் கண்டவற்றுள் முக்கியமானது, சாதாரண உழைப்பாளியும் பள்ளிக் குழந்தையும் தாமே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கும் காட்சி. திரும்பி வந்தவர் பிறகு வகுப்பறைக்குப் போகவேயில்லை.

அவர் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தையும் 1928-இல் சிதம்பரத்தில் முதன்முதலாக எடுத்துரைத்து, 1931-இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக நூல்வடிவில் தந்தார். அவற்றுள் நான்காவது விதியே நம்முடைய விஷயத்துக்கு உரியது. வாசகனுடைய நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பது அதன் பொருள். இன்று கேட்கும்போது எளிய சொல்லாகத் தோன்றும். ஆனால் தபாலாபீஸ் ஜன்னலிலும், அதிகாரியின் தாழ்வாரத்திலும், பட்டியல் மேஜையிலும் நின்று நின்று கால் வலித்த ஒரு தலைமுறைக்கு நடுவில் நின்று அதைச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் வன்மை விளங்கும். கணிதாசிரியரானபடியால் அவர் வெறும் பரிவோடு நிற்கவில்லை. வாசலில் நுழையும் வாசகனைப் பின்தொடர்ந்து, குடையை வைக்கும் இடம் முதல் புத்தகத்தைப் பதிந்துகொண்டு வெளியேறும் இடம்வரை, எங்கே எதனால் அவன் பொழுது கழிகிறது என்று படிப்படியாக ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் பயனாகவே திறந்த அலமாரி, பொருள்வாரியான அடுக்குமுறை, நூல் எங்கே இருக்கிறதென்று கையைப் பிடித்துக் காட்டும் பட்டியல் அட்டை, வாசகனுக்குத் தேடித்தர ஓர் ஆள் ஆகிய யாவும் சேப்பாக்கத்துக்கு வந்தன. 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறை உலகெங்கும் போற்றப்படுகிறது. அறிஞர்கள் அதை அறிவுத் துறைகளின் அமைப்பைப் பற்றிய தத்துவமாகப் படிக்கிறார்கள். அதன் வேரில், தான் தேடும் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கும் என்று தெரியாமல் திகைத்து நிற்கும் ஒரு சென்னை மாணவனைக் காண்கிறவன் நான்.

1936-இல் கடற்கரையில் சர்வகலாசாலை நூல்நிலையத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. முன்னே சிஷோம் என்ற சிற்பி கட்டிய செனட் மண்டபமும் ராஜதானிக் கல்லூரியும் எவ்வளவு அழகியவையாயினும், பட்டம் பெற வருகிறவனுடைய கண்ணை நிரப்பவே கட்டப்பட்டவை. இந்தக் கட்டடமோ படிக்க வருகிறவனுடைய நடையை அளந்து கட்டப்பட்டது. ரங்கநாதன் 1944 வரை அதன் உள்ளேயே வாழ்ந்தார் என்று சொல்லும்படி உழைத்தார். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, விடுமுறை என்பதே இல்லாமல். பிறர் பொழுதைக் காப்பதற்குத் தம் பொழுதை அப்படிக் கொடுத்தார்.

அதற்குப்பின் நகரம் வேகமாக மாறியது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே 1931 முதலே மின்சார ரயில் ஓட, கல்லூரிகள் ஊருக்கு வெளியே போவது சாத்தியமாயிற்று. 1947-இல் அரசாங்கமே பஸ் நடத்தத் தொடங்கியது; 1953 ஏப்ரலில் டிராம் நின்றுபோயிற்று. ஆயினும் வெளியூர் மாணவனுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய மாறுதலை விளைத்தது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே. கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாருடைய முயற்சியால், ரங்கநாதன் பல ஆண்டுகளாக வற்புறுத்திவந்த கருத்துக்கள் உருப்பெற்று, சுதந்திர இந்தியாவில் முதலாவதாக நிறைவேறிய நூலகச் சட்டம் அது. வீட்டுவரியோடு ஒரு சிறு நூலக வரி சேர்க்கப்பட்டு, அந்தப் பணத்தால் ஜில்லாதோறும் மத்திய நூலகமும் ஊர்தோறும் கிளைகளும் தோன்றின. கன்னிமரா 1950-இல் மாநில மத்திய நூலகமாயிற்று. எழும்பூருக்கு வந்து சீட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளையின் மகனுக்கு, தஞ்சாவூரிலோ பாளையங்கோட்டையிலோ, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே அலமாரி திறந்திருந்தது.

ரங்கநாதன் தம் வாழ்நாட் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கே கொடுத்து, நூலகவியலுக்கென்று தம் மனைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்.